அறுபத்திரண்டு கிலோ அதிகம்

அத்தானின் பழைய பிக்கப்பிலிருந்து இன்ஜினை வீட்டு ஷெட்டிலேயே கழற்றினோம். அதை எடுத்துப்போக ஒருவர் நாலு மணிக்கு லாரியோடு வருவதாக இருந்தது. நான் இன்ஜினைக் கட்டிப்பிடித்து ஆட்டினேன். அத்தான் கப்பிச் செயினை இழுத்தார். சமர்த்தாக மேலே வந்தது.

கொக்கித் தராசு இருநூற்று நாற்பத்திரண்டு கிலோ காட்டியது. வண்டிப் புத்தகத்தில் இன்ஜின் எடை நூற்றெண்பது என்று போட்டிருந்தது.

"அறுபத்திரண்டு கூட இருக்கே. உன் எடை என்ன மச்சான்?"

"அறுபத்திரண்டு."

"அப்ப உள்ள நீதான் உக்காந்திருக்க."

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அக்காவும் சேர்ந்து மூவரும் சிரித்தோம். அக்கா எடை மெஷினைக் கொண்டுவந்தாள். நான் ஏறினேன். பூஜ்யம். அக்கா ஏறினாள். சரியாகக் காட்டியது, எவ்வளவு என்று வெளியே சொல்லக் கூடாதாம்.

"அத்தான், இன்ஜினைத் திரும்ப மாட்டிடலாம்."

"வாக்குக் குடுத்துட்டேன்டா. அந்தாளு வாசல்ல நிக்கறாரு."

"அக்கா, நீயாவது சொல்லேன்."

"ஒரு நாளாவது ஒழுங்கா சாப்பிட்டிருந்தா இப்படி ஆகுமா?" என்றாள் அக்கா.

இன்ஜினை ஏற்றிக்கொண்டு லாரி தெருமுனை திரும்பும்வரை என் கால் தரையில்தான் இருந்தது. திரும்பியதும் தலை ஷெட் கூரையில் இடித்தது. அத்தான் என் பெல்ட்டில் செயினை மாட்டி, மறுமுனையை பிக்கப்பில் இன்ஜின் இருந்த இடத்துச் சட்டத்தில் கட்டினார்.

தினமும் காலையில் அக்கா ஈரப் போர்வையை என் தோளில் உலர்த்துகிறாள். அந்தப் பாரத்தில் தரைக்கு வந்து அவளோடு கொஞ்சம் பேசுகிறேன். மதியத்துக்குள் போர்வை காய்ந்துவிடுகிறது.