ஆறடி இரண்டரை அங்குலம்

"யோவ் பெல்ஹாம்! என் பையனை எதுக்குய்யா பட்டியல்லேர்ந்து தூக்கினே?"

ராண்டல் பீச்சம் போட்ட சத்தத்தில், பள்ளிக்கூட ஜிம் வாசலில் மேட்ச் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த நான் என் விரலையும் சேர்த்துக் கிழித்திருப்பேன்.

பெல்ஹாம் அசையவில்லை. பாப்கார்ன் கவுன்ட்டர் பக்கம் நின்று கொறித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் இந்தியானா மாநிலப் பள்ளிக்கூடப் பையன்களில் கூடைப்பந்தாட்டத்தில் யார் உசத்தி என்று முதல் நூறு பேரை வரிசைப்படுத்தி இன்டர்நெட்டில் போடுகிற மனுஷன் அவர்தான். அதைப் பார்த்துத்தான் காலேஜ்காரர்கள் கூப்பிடுவார்கள். பட்டியல் வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்ப் பாதிரியாரே பிரசங்கத்துக்கு நடுவில் போனை எட்டிப் பார்ப்பார். அப்படி ஒரு பைத்தியம்!

டிராக்டர் ஏஜென்சி பீச்சத்தின் பையன் கைலர் போன மாசம்வரை நூறாவது ஆள். இந்த மாசம் அவன் பெயரைக் காணோம். அந்த இடத்தில் டோரியன். அதே டீம்தான், ஆனால் களத்தில் இறக்காமல் பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்தே வளர்ந்த பையன்.

பாப்கார்ன் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்த வான்டாவின் கை நின்றுவிட்டது. டோரியன் அவள் பிள்ளை.

முந்தாநாள்தான் அவனுக்காக ஒரு காலேஜிலிருந்து பேசியிருந்தார்கள். படிப்புச் செலவு மொத்தமும் அவர்களுடையதாம். இன்னும் கையெழுத்தாகவில்லை. பட்டியலில் பெயர் போனால் அதுவும் போச்சு.

"அந்த டோரியன் ஆடி நீ பார்த்திருக்கியா?" பீச்சம் விடவில்லை.

"இல்லையே."

"என்னது?"

"போன மாசக் கேம்ப்ல அவன் ஆடறப்போ நான் சாப்பிடப் போயிட்டேன்."

"கேட்டீங்களாய்யா அநியாயத்தை!" பீச்சம் எங்கள் எல்லோரையும் சாட்சிக்குக் கூப்பிட்டார். "ஆட்டத்தையே பார்க்காம இடம் குடுத்திருக்கான்! இன்னைக்கே அவன் பேரை எடுக்கணும். இல்லே, நடக்கிறதே வேற!"

வான்டாவுக்கு முகம் வெளுத்துப் போனது.

பெல்ஹாம் கைக்குட்டையில் வெண்ணெயைத் துடைத்துக்கொண்டார்.

"உங்க பையன் எவ்வளவு உயரம், பீச்சம்?"

"ஆறடி அஞ்சு அங்குலம்! நானே எழுதிக் கொடுத்தேனே!"

"கேம்ப்ல நான் டேப் வெச்சு அளந்தேன். ஆறடி ரெண்டரை."

பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள்.

"எல்லாரும்தான்யா கூட்டி எழுதறாங்க! நம்ம கோச் எழுதலையா? இந்த ஸ்டேட்ல எவன் உள்ள உயரத்தை எழுதறான்?"

"அதேதான் நானும் சொல்றேன். ஷூவோட நின்னாலும் எல்லாருக்கும் எழுதினதைவிட ஒரு அங்குலம் குறையும். நானும் கண்டுக்க மாட்டேன். ஒரு மரியாதைதான். உங்க பையனுக்கு ரெண்டரை குறைஞ்சுது. அது கொஞ்சம் ஓவர், சார்."

"அதுக்கும் டோரியனுக்கும் என்ன சம்பந்தம்?"

பெல்ஹாமின் குரல் இளகிவிட்டது.

"அந்தப் பையன் ஷூவைக் கழட்டி ஓரமா வெச்சுட்டு வந்து நின்னான். சாக்ஸ் ஓட்டையில கட்டைவிரல் எட்டிப் பார்க்குது. நான் சொல்லவே இல்லே, அவனாவே கழட்டினான்! இத்தனை வருஷத்துல அப்படி ஒரு பிள்ளையை நான் பார்த்ததில்லே. பதினேழு வயசுப் பையன் நாளைக்கு எப்படி ஆடுவான்னு எவனுக்குய்யா தெரியும்? முதல் தொண்ணூத்தொம்பதும் நான் குத்துமதிப்பாப் போடறதுதான். நூறாவது ஒண்ணுதான் எனக்கு நிச்சயமாத் தெரிஞ்சு போட்டது. அவன் பொய் சொல்ல மாட்டான்."

எனக்கே கண் கலங்கிவிட்டது. கூட்டத்தில் ரெண்டு பேர் கைகூடத் தட்டினார்கள்.

விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். வான்டா சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லையே!

"சார்... அவன் அதுக்காகக் கழட்டலே."

"பின்னே?"

"அது அவன் ஷூவே இல்லே, சார். அன்னைக்குக் காலையில அவன் ஷூ அடியோட பிளந்துபோச்சு. டீம்ல ஒரு பையன் தன்னோடதைக் கழட்டிக் கொடுத்து, 'மாத்தி மாத்திப் போட்டுக்கலாம்டா'ன்னிருக்கான். இவனுக்கு அது ரெண்டு சைஸ் பெருசு. நடந்தாலே தடுக்குதுன்னுதான் கழட்டி வெச்சான்."

பெல்ஹாம் கையிலிருந்த பாப்கார்ன் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

"ஷூ கொடுத்தது யாரு?"

வான்டா பீச்சத்தைப் பார்த்தாள்.

"நம்ம கைலர்தான். அவனை அளக்கக் கூப்பிட்டப்போ டோரியன் அந்த ஷூவைப் போட்டுக்கிட்டு வெளியில ஓடிப் பழகிக்கிட்டிருந்தான். கைலர் வெறும் சாக்ஸோடதான் வந்து நின்னான். நீங்க ஸ்டூல் மேல ஏறி நின்னு அவன் தலையைத்தான் பார்த்தீங்க, சார். காலைப் பார்க்கலே."

வான்டா பாப்கார்ன் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்பாக்குத் தெரிஞ்சா குதிப்பாருன்னு யார்கிட்டேயும் சொல்ல வேண்டாம்னுட்டான். அதான் இத்தனை நாள் சொல்லலே. நான் சொன்னதால என் பையன் பேரை எடுக்கணும்னா எடுத்துடுங்க, சார்."

பெல்ஹாம் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். "தப்புதான். ஷூவே ஒண்ணரை அங்குலம் இருக்குமே! இப்பவே மாத்திடறேன். கைலரைப் பழையபடி..."

லபக்கென்று அந்தப் போனைப் பிடுங்கினார் பீச்சம்.

"டோரியன் பேர் மேல கையை வெச்சே, தொலைச்சுடுவேன்! என் பையன் எவ்வளவு உயரம்னு எனக்கே இப்பத்தான்யா தெரியுது. உனக்கு எங்கேய்யா தெரியப் போகுது?"