அம்மாவுக்கு ஸ்பான்சர்

"அம்மா இல்லாம எங்களால ஒரு நாள்கூட இருக்க முடியல சார்" என்று சொல்லிவிட்டு மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். விசா வேலைகளைப் பார்த்துக்கொடுக்கும் நரைத்த தலை வக்கீல், மேசை மேலிருந்த டிஷ்யூ பெட்டியை அவன் பக்கமாகத் தள்ளிவைத்தார்.

மருமகளும் சும்மா இருக்கவில்லை. "எங்க அத்தை மாதிரி யாருக்கு சார் கிடைப்பாங்க? மாமா போனதுலேருந்து பாவம், ஊர்ல தனியா கிடக்கறாங்க. அடுத்த மாசம் எனக்கு லீவ் முடியுது. அதுக்குள்ள வந்துருவாங்கல்ல?" என்றாள். மடியிலிருந்த கைக்குழந்தை வக்கீலின் பேனாவை எட்டிப் பிடித்தது.

பாசத்துக்கும் லீவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வக்கீல் வாயைத் திறந்தார். தொழில் தர்மம் கருதி மூடிக்கொண்டார். பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் இடமில்லை என்று கைவிரித்த அதே வாரத்தில்தான் இந்த வீட்டில் அத்தை மேல் பாசம் பொங்கி வழிந்தது என்பது அவருக்குத் தெரியும்.

"நடுவுல நீங்க வேற லீவ் போட்டுட்டு எங்கயோ போயிட்டீங்க. அதான் இவ்ளோ லேட்டாகுது" என்று மகன் குறைபட்டுக்கொண்டான்.

"தவிர்க்க முடியாத வேலை தம்பி" என்றார் வக்கீல். "அது இருக்கட்டும், அம்மாவுக்குத் தனி ரூம் உண்டா?"

"தனி ரூம் எதுக்கு சார்? குழந்தையோட ரூம்லயே படுத்துக்குவாங்க. ராத்திரி அழுதா தூக்கறதுக்கு வசதி."

"வெளில எங்கயாவது கூட்டிட்டுப் போவீங்களா?"

"அவங்களுக்கு வெளிய போறதே பிடிக்காது சார். சமையல்கட்டுதான் அவங்க உலகம். ஆசைன்னு ஒண்ணு இருந்தாத்தானே?"

"நல்லாப் பாடுவாங்களே!"

"யாரு, எங்க அம்மாவா?" மகன் விழுந்து விழுந்து சிரித்தான். "வேற எந்தக் கட்சிக்காரரையோ நினைச்சிட்டுப் பேசறீங்க சார்."

வக்கீல் குழந்தையின் கையிலிருந்து பேனாவை மெல்ல வாங்கிக்கொண்டார். வரப்போகிறவரிடம் தனியாகப் பேசி, அவர் மனதார வருகிறாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது அவருடைய வழக்கம். அதற்கு ஒரு வீடியோ கால் போதும். ஆனால் அம்மாவுக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும், "எனக்கு மீட்டிங் இருக்கும்மா, வக்கீல்கிட்டயே கேட்டுக்கோ" என்று சொல்லி போனை வைத்தவன் இந்த அருமை மகன். பிள்ளை சொல்லைத் தட்டாத அம்மாவும் கேட்டுக்கொண்டே இருந்தார். சாயங்காலமானால் வீட்டுக்கு ஓட வேண்டிய கட்டாயம் வக்கீலுக்கும் இல்லாததால், அவரும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"சரி சார், விசா எப்ப வரும்? அதை மட்டும் சொல்லுங்க."

"வராது தம்பி. உங்க விண்ணப்பத்துக்குக் கொடுத்த சம்மதத்த அம்மாவே வாபஸ் வாங்கிட்டாங்க."

மகனுக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. மருமகள் அவன் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா உங்கம்மா பண்ணின வேலைய!" என்று சீறினாள். இவ்வளவு நேரம் 'எங்க அத்தை'யாக இருந்தவர் ஒரே நொடியில் 'உங்கம்மா' ஆகிப்போனார்.

"அப்ப அம்மா வரவே மாட்டாங்களா சார்?"

"வர்றாங்களே, அடுத்த வாரம் ஃப்ளைட். வேற ஒருத்தர் ஸ்பான்சர் பண்ணி விசாவும் வந்தாச்சு. பெத்தவங்களுக்கான விசா இல்ல. வாழ்க்கைத்துணைக்கான விசா."

மகன் நாற்காலியின் நுனிக்கு வந்தான்.

"கல்யாணமா? இந்த வயசுலயா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

"சொல்றதுக்கு நாலஞ்சு தடவை போன் பண்ணினாங்களாம். நீங்க மீட்டிங்ல இருந்தீங்களாம்."

மகன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து ஆகாயத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தான். "எவன் சார் அவன்? அந்த ஃபைல எடுங்க, நான் பாக்கணும்."

"அது என்கிட்ட இல்ல. வேற வக்கீல்தான் பாத்துக் குடுத்தார். அதை நானே பாத்தா முறையா இருக்காது இல்லையா?"

மருமகள் காரியவாதி. மாப்பிள்ளை யார், எப்படிப்பட்டவர் என்ற ஆராய்ச்சியெல்லாம் அவளுக்குத் தேவைப்படவில்லை. "அவர் யாரா வேணாலும் இருந்துட்டுப் போகட்டும். என் பிள்ளைய யார் சார் பாத்துக்குவா?" என்று கேட்டாள்.

வக்கீலின் முகத்தில், அந்த வயதுக்குக் கொஞ்சமும் பொருந்தாத ஒரு வெட்கம் வந்தது.

"ஞாயித்துக்கிழமையானா நாங்க ரெண்டு பேருமா வந்து பேரனைப் பாத்துக்கறோம்மா."