பாதியில் எழுந்து போகிறவர்

"பார்த்தீங்களா, இன்னைக்கும் கிளம்பிட்டார்!"

சபைச் செயலாளர் பொருளாளரின் காதில் கடுகடுத்தார். போதகர் அப்போதுதான் பிரசங்கத்தை ஆரம்பித்திருந்தார். பாடகர் குழுவின் கடைசி வரிசையிலிருந்து வெல்டர் எழுந்து, பக்கத்துக் கதவு வழியாகப் பூனை மாதிரி நழுவிக்கொண்டிருந்தார்.

"கடைசிப் பாட்டுக்கு டாண்ணு வந்து நிப்பார். நடுவுல எங்கே போறாராம்?"

"கேட்டேன் சார். 'சின்ன வேலை'ன்னார்."

"ஆராதனையை விட்டுட்டு அப்படி என்ன வேலை? சிகரெட்டாத்தான் இருக்கும்."

"ஆனா நல்ல குரல் சார்..."

"குரல் இருந்தா போதுமா? சாட்சியுள்ள நடத்தை வேணும். இன்னைக்குக் கமிட்டியில பேசி, குழுவுல இருந்து எடுத்துடுவோம்."

வாரம் முழுக்கப் பட்டறைப் புகையோடு மல்லுக்கட்டுகிற வெல்டருக்கு, ஞாயிற்றுக்கிழமை அந்த வெள்ளை அங்கியைப் போட்டுக்கொண்டு பாடுவதுதான் உயிர். மனைவி போன பிறகு அதுதான் தன்னை நடமாட வைக்கிறது என்று அவரே சொல்லியிருக்கிறார். செயலாளருக்கும் அது தெரியும்.

ஆனால் ஒழுங்கு என்று வந்துவிட்டால் செயலாளர் பெற்ற அப்பன் என்றும் பார்க்க மாட்டார். பேச்சுக்குச் சொல்லவில்லை. "நம் ஆலயத்தின் கூரை ஒழுகுகிறது" என்று அவர் ஒருநாள் அறிக்கை வாசித்தபோது, முன்வரிசையிலிருந்து அவருடைய அப்பா கணீரென்று "ஆமென்!" சொல்லிவிட்டார். சபையே சிரித்தது. அடுத்த வாரத்திலிருந்து அப்பா வீட்டில் ஓய்வு.

அன்றைய பொது ஜெபத்தைச் செய்தவரும் செயலாளர்தான். ஆள்கிறவர்களில் ஆரம்பித்து, வியாதியஸ்தர்கள், கைதிகள், அநாதைகள், கப்பலில் போகிறவர்கள் என்று உலகத்தில் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. அவ்வளவு உருக்கமான ஜெபம் முடிந்த சூட்டோடு ஒருவர் எழுந்து போனால் கோபம் வராதா?

"இருங்க, கையும் களவுமா பிடிச்சுட்டு வரேன்."

செயலாளர் எழுந்தார். சட்டைப் பையில் சாவிக்கொத்து சலசலத்தது. அதைக் கையால் அமுக்கிக்கொண்டு வெளியே வந்தார். பிரசங்கத்தின் பாதியில் தானும் எழுந்து போகிறோம் என்பது அவருக்கு உறைக்கவில்லை.

வெல்டர் அங்கியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். பெட்டிக்கடையைத் தாண்டினார். டீக்கடையைத் தாண்டினார். பிறகு ஒரு தெருவுக்குள் திரும்பினார்.

செயலாளர் நடையை எட்டிப் போட்டார். அது அவருடைய தெரு.

வெல்டர் அவர் வீட்டு கேட்டையே திறந்துகொண்டு உள்ளே போனார்.

'அடப்பாவி! வீட்டுல யாருமே இல்லையே!'

செயலாளர் ஓடினார். கேட்டருகே வந்ததும் பேச்சுக்குரல் கேட்டது. அப்படியே நின்றார்.

வெல்டர் பக்கவாட்டு ஜன்னலருகே நின்றிருந்தார். கம்பிகளுக்கு நடுவே நீண்டிருந்த சுருங்கிய கை ஒன்று அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"இன்னைக்கு லேட்டாயிட்டே தம்பி."

"ஜெபம் கொஞ்சம் நீளமாயிடுச்சுப்பா."

"உள்ள வந்து உட்காரேன்."

"கதவு பூட்டியிருக்கேப்பா."

"ஆமா, மறந்துட்டேன். நான் எங்கேயாவது போயிடுவேன்னு பூட்டிட்டுப் போறான். நான் எங்கே போகப் போறேன், கோயிலுக்குத்தான் போவேன்." பெரியவர் சிரித்தார். "சரி, யார் ஜெபம் பண்ணினா?"

"உங்க மகன்தான்பா."

"அப்படியா!" கை இறுகியது. "எனக்காகவும் பண்ணினானா?"

வெல்டர் ஒரு நொடி தரையைப் பார்த்தார்.

"முதல்ல உங்களுக்காகத்தான்பா பண்ணினார்."

"ஆமென்!"

தெருவே திரும்பிப் பார்க்கிற சத்தம்.

கேட்டருகே நின்ற செயலாளரின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. கதவைப் பூட்டிய சாவி அங்கேதான் இருந்தது.