ஸ்கிப் பட்டன்

"கேம் வாங்கறவன் சுடத்தான் வாங்கறான். கதையைத் தூக்கிடலாம். நீயும் வேற வேலை பாத்துக்கோம்மா."

கேம் கம்பெனி முதலாளி புது கேமை ஆடிப் பார்த்தபடி, கதைக் காட்சிகளை எல்லாம் ஸ்கிப் செய்துவிட்டு, திரையில் கண்ணில் பட்டவர்களைச் சுட்டுத் தள்ளினார். கதை எழுதியவள் பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"கையைத் தூக்கிட்டு ஓடி வர்றானுங்க பாரு! ஒருத்தனாவது திருப்பிச் சுடறானா? அவ்வளவு பயம்!"

"சார், இந்த ஒரு காட்சியை மட்டும்..."

"ஸ்கிப்!"

கடைசி ஆளையும் சாய்த்துவிட்டு நாற்காலியிலேயே துள்ளினார். "ஜெயிச்சாச்சு!"

திரையில் எழுத்துகள் தோன்றின: 'நீங்கள் மீட்க வந்த கைதிகள் அனைவரையும் நீங்களே கொன்றுவிட்டீர்கள். கடைசியாக விழுந்தவர் உங்கள் அப்பா.'

முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. "நான்தான் உன் அப்பான்னு அந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "சொல்லத்தான் சார் வாயைத் திறந்தாரு. நீங்க ஸ்கிப் பண்ணிட்டீங்க."