தேவநாதன் சொல்லாத பெயர்

ஜெசிந்தா கழற்றிய செருப்பில் ஒன்று குப்புற விழுந்தது. செருப்பு கவிழ்ந்து கிடந்தால் வீட்டில் சண்டை வரும் என்பார்களே! மகள் மலர்விழி குனிந்து அதை நிமிர்த்தி வைத்துவிட்டு, அம்மாவைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துப் போனாள்.

திண்டிவனத்தில் இருக்கும் அந்த வீட்டுக்கு மலர்விழியைத் தனியாகத்தான் வரச் சொல்லியிருந்தார் தேவநாதன். உளவுப் பிரிவில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். விழுப்புரத்தில் பஸ் ஏறும்போது நானும் வந்தே தீருவேன் என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். புருஷனைக் காட்டிக் கொடுத்தவன் பெயரைக் கேட்க அவளைவிட யாருக்கு உரிமை இருக்கிறது?

மலர்விழி கல்லூரியில் பேராசிரியை. உளவுத்துறை எப்படி வேலை செய்கிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. எத்தனையோ பெரிய அதிகாரிகளிடம் பேசியிருக்கிறாள், ஊர் ஊராகப் போய்க் கட்டுரை வாசித்திருக்கிறாள். அத்தனையும் இந்த ஒரு பெயருக்காகத்தான்.

அப்பா சகாயராஜ், திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் கரும்பு வெட்டுகிறவர்களுக்குச் சங்கம் கட்டியவர். கண்ட இடத்தில் சுட்டுவிடுவார்கள் என்று பேச்சு கிளம்பியதும், மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்துக்குள் போய் ஒளிந்தார். கழுத்தில் சிலுவை போட்டவரை அங்காளம்மன் கோயிலில் யார் தேடப்போகிறார்கள்? ஆனாலும் யாரோ சொல்லிவிட்டார்கள். போலீஸ் பிடித்துக்கொண்டு போனது, பிணமாகத்தான் வீடு வந்து சேர்ந்தார்.

ஜெசிந்தா சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். தேவநாதனும் அவள் பக்கம் திரும்பவில்லை. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு பார்ப்பார்?

முதலில் தொழிலைப் பற்றித்தான் பேசினார். "தகவல் சொல்றவங்க வூட்டுக்குள்ள நாங்க சட்டுனு பூந்துட மாட்டோம்மா. வாசல்ல கொடம் நிமிந்திருந்தா பேசலாம். கவுந்திருந்தா வாணாம்னு அர்த்தம், வாயத் தொறக்காம போயிடணும். கொடம்னு இல்ல, ஆளுக்கு ஒரு சாமான்."

பழக்கதோஷம், இதைச் சொல்லும்போதும் கண் வாசலிலேயே இருந்தது.

பிறகு குரல் இறங்கியது. படுத்தால் தூக்கம் இல்லையாம். கண்ணை மூடினால் சகாயராஜ் வந்து கட்டில் ஓரத்தில் நிற்கிறாராம், ஒரு வார்த்தை பேசுவதில்லையாம், சும்மா பார்த்துக்கொண்டே நிற்கிறாராம். அந்தப் பெயரைச் சொல்லாமல் நான் சாகக்கூடாது என்றார்.

ஜெசிந்தாவுக்கு மூச்சு முட்டியது. கொஞ்சம் காற்றாட நின்றுவிட்டு வருவதாகச் சொல்லி வாசலுக்குப் போனாள். திரும்பி வந்து அதே இடத்தில், அதே சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"யாரு சார் அது?" மலர்விழி கேட்டாள்.

தேவநாதன் வாசலைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஞாபகம் இல்லம்மா. வயசாயிடுச்சு, நீ கெளம்பு" என்றார்.

அவள் கெஞ்சினாள், அழுதாள், நீங்கள் எல்லாம் ஒரு மனுஷனா என்று திட்டியும் பார்த்தாள். அவர் வாயைத் திறக்கவே இல்லை. இதற்குமேல் யாரிடம் போய்க் கேட்பாள்? அம்மாவை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வாசலில் அம்மாவின் செருப்பு ஒன்று குப்புறக் கிடந்தது.

நிமிர்த்தி வைக்கக் குனிந்த மலர்விழியின் கை பாதியிலேயே நின்றது. வரும்போது அவளே நிமிர்த்தி வைத்த செருப்பு. மெதுவாகத் தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தாள்.

ஜெசிந்தாவே குனிந்து அதை நிமிர்த்திப் போட்டுக்கொண்டாள்.

"உசுருக்கு ஒண்ணும் ஆவாதுன்னு இவரு சத்தியம் பண்ணாரும்மா."