பதினேழாம் பக்கத்துப் புல்வெளி

"என் பழைய பெயிண்ட் பாட்டில் எல்லாம் எங்கம்மா?"

ஒமேர் மூன்றாவது முறையாகக் கேட்டார். லீஸ்பெத் கடிகாரத்தைப் பார்த்தாள். ஆன்ட்வெர்ப் அரங்கில் இருநூறு பேர் காத்திருந்தார்கள். நிகழ்ச்சி தொடங்கப் பத்து நிமிடம்கூட இல்லை.

'கால்வாய் யாப்' காமிக்ஸ் வெளிவந்து ஐம்பது வருடம். மறுபதிப்புக்காக அதன் பதினேழாம் பக்கத்துக்கு, எல்லாரும் பார்க்க மேடையிலேயே ஒமேர் மறுபடி வண்ணம் தீட்டவேண்டும். கோடு போட ஊருக்குப் பத்துப் பேர் உண்டு, வண்ணம் என்றால் ஒமேர்தான் என்பது பெல்ஜியம் முழுக்கப் பேச்சு. ஏற்பாடு லீஸ்பெத்துடையது. சொதப்பினால் அன்றோடு வேலை காலி என்று பதிப்பக முதலாளி சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். சிரித்துக்கொண்டே சொல்கிறவர்கள்தான் செய்துவிடுவார்கள்.

"மேடையிலதான் சார் இருக்கு. உங்க பாட்டிலேதான். ரொம்ப அழுக்கா இருந்துச்சு, கேமரா வருதேன்னு நானே கழுவித் தொடச்சு வெச்சேன்."

"மேல சீட்டு ஒட்டியிருந்துச்சே?"

"கிழிஞ்சு தொங்கிட்டிருந்துச்சு சார். உரிச்சுப் போட்டுட்டேன்."

ஒமேரின் முகம் வெளிறிவிட்டது. அதெல்லாம் கோதலீவ் எழுதி ஒட்டியது என்றார் மெதுவாக.

லீஸ்பெத்துக்குச் சுருக்கென்றது. கோதலீவ் அவர் மனைவி. போன டிசம்பரில்தான் காலமானார். ஒமேர் வண்ணம் தீட்டும்போதெல்லாம் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஓயாமல் பேசிக்கொண்டிருப்பாராம். அந்த நேரத்தில் அந்த அறைக்குள் வேறு யாருக்கும் அனுமதி கிடையாது. அந்த அம்மாவின் கையெழுத்தையா உரித்துக் குப்பையில் போட்டோம் என்று அவள் மனம் அடித்துக்கொண்டது.

இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாமா என்று ஒமேர் கேட்டார். அவள் பதில் சொல்வதற்குள் மேடையில் அவர் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மேசையில் கோடுகள் மட்டும் அச்சடித்த தாள் இருந்தது. பாட்டில்கள் பளபளவென்று வரிசையாக நின்றன. அவர் ஒவ்வொன்றாக எடுத்து விளக்கில் காட்டிப் பார்த்தார். இரண்டை மோந்துகூடப் பார்த்தார். வயசாகிவிட்டது, இவரைப் போய் இழுத்து வந்தோமே என்று லீஸ்பெத் நகத்தைக் கடித்தாள்.

வானம் நீலமாக வந்தது. கால்வாயும் அழகாக வந்தது. அவள் கொஞ்சம் மூச்சு விட்டாள்.

பிறகு, மாடுகள் மேயும் அந்தப் புல்வெளி. ஒமேர் தூரிகையை நனைத்து ஒரே இழுப்பாக இழுத்தார்.

சிவப்பு. ரத்தச் சிவப்பு.

முதல் வரிசையிலிருந்து முதலாளி திரும்பி லீஸ்பெத்தைப் பார்த்தார். ஒமேர் எதையும் கவனிக்காமல் கடைசிப் புல் வரைக்கும் சிவப்பாக்கிவிட்டுத் தூரிகையைக் கீழே வைத்தார். வேலை போயிற்று என்று அவள் முடிவே கட்டிவிட்டாள்.

அப்போது வான் ஹெக் எழுந்தார். யாரையும் பாராட்டியே அறியாத விமர்சகர்.

"இந்த மண்ணுல எத்தனை பசங்க உலகப் போர்ல செத்து விழுந்தாங்க. அம்பது வருஷமா பச்சைக்கு அடியில மறச்சு வெச்சதை இன்னிக்கு வெளிய சொல்லிட்டாருய்யா மனுஷன்."

அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். முழுப் புத்தகத்தையும் இதே பாணியில் கொண்டுவரப்போவதாக முதலாளி அங்கேயே அறிவித்தார். போகிறபோக்கில் லீஸ்பெத்தின் தோளையும் தட்டிவிட்டுப் போனார்.

காப்பியும் பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டு அவள் பின்னறைக்கு ஓடினாள். ஒமேர் தனியாக உட்கார்ந்திருந்தார். கையில் புல்வெளிக்கு எடுத்த அந்தப் பாட்டில். அவள் வந்ததும் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டையும் பேனாவையும் எடுத்து அவளிடம் நீட்டினார்.

"கோதலீவ் மாதிரி நீயும் யார்கிட்டயும் சொல்லக்கூடாது. முழுப் புத்தகத்துக்கும் இதையே அடிக்கணுமாமே, பேர் எழுதி ஒட்டிக் குடு. இது என்ன கலரும்மா?"