முப்பத்தெட்டில் போகும் சைக்கிள்

"ஏம்பா, உனக்கு வேற ஆளே கிடைக்கலையா? என் வீட்டுக்காரர்தான் கிடைச்சாரா?"

நான் கடைக்குள்ள நுழைஞ்ச வேகத்துல, சைக்கிள் மெக்கானிக் கையில இருந்த ஸ்பேனரைக் கீழே வெச்சுட்டான்.

"வாங்கக்கா, உட்காருங்க."

"உட்கார வரலை. அவரோட எலக்ட்ரிக் சைக்கிள்ல ஸ்பீடு லிமிட்டை எடுத்து விட்டது நீதானே?"

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்னான்.

"மூணு வாரமா வீட்டுல இதே பேச்சுதான். 'முன்னாடி இருபத்தஞ்சோட நின்னுடும், இப்ப முப்பத்தெட்டு!' சாப்பிடும்போது முப்பத்தெட்டு, பல் தேய்க்கும்போது முப்பத்தெட்டு. நானே மீட்டர்ல பார்த்தேன். வயசு அம்பத்தாறு ஆகுது. முப்பத்தெட்டுல போய் எந்தக் கோட்டையைப் பிடிக்கப் போறாரு?"

அந்த மனுஷனோட நான் படற பாடு எனக்குத்தான் தெரியும். வீடு வீடாப் போய் தையல் மெஷின் ரிப்பேர் பண்ற வேலை. முழங்கால்ல ஆபரேஷன், ரொம்ப மிதிக்க முடியாது. கண் சரியில்லைன்னு லைசன்ஸைப் புதுப்பிக்கவும் மாட்டேன்னுட்டாங்க. சரின்னு சும்மா இருந்தாரா? பழைய சைக்கிள்ல ஒரு பெட்ரோல் மோட்டரை மாட்டிக்கிட்டு தெருவெல்லாம் டபடபன்னு சுத்தினாரு. பெட்ரோல் ஊத்தினாலே அது மோட்டார் வண்டி, லைசன்ஸ் வேணும்னு போலீஸ் பிடிச்சு, இதுதான் கடைசித் தடவைன்னு சொல்லி விட்டாங்க.

லைசன்ஸ் இல்லாம அவர் ஓட்டக்கூடியது ஒண்ணே ஒண்ணுதான். இருநூத்தம்பது வாட் மோட்டார் வெச்ச, இருபத்தஞ்சு கிலோமீட்டருக்கு மேல போகாத எலக்ட்ரிக் சைக்கிள். யாரோ ஓட்டிப் பழசாகி வித்ததை, கெஞ்சியும் சண்டை போட்டும் வாங்க வெச்சேன். முதல் நாளே புலம்பல். "காலையில ஓடப் போறவன்லாம் என்னைத் தாண்டிப் போறான்டி!"

தாண்டட்டுமே! தாண்டினா கிரீடமா இறங்கிடும்?

"இன்னிக்கு நாலுமுனை ரோட்டுல போலீஸ் நிக்கறாங்க, தெரியுமா?" எனக்கு மூச்சு வாங்குச்சு. "எலக்ட்ரிக் சைக்கிளை எல்லாம் நிறுத்தி, பின்சக்கரத்தை உருளை மேல ஏத்தி ஓட விட்டுப் பார்க்கறாங்க. இருபத்தஞ்சைத் தாண்டினா வண்டி நேரா லாரியில ஏறுது. எதிர்வீட்டுக்காரர் வண்டி ஏறிடுச்சு. இவரும் அந்த வழியாத்தான் வரணும். போனை எடுக்க மாட்டேங்கறாரு. இதுவும் போச்சுன்னா அவர் பொழப்பே போச்சு. வீட்டோட உட்கார வேண்டியதுதான். அவர் வீட்டோட உட்கார்ந்தா என் கதி என்னன்னு யோசிச்சியா?"

"பயப்படாதீங்கக்கா. ஒண்ணும் ஆகாது."

"ஒண்ணும் ஆகாதா? செய்யறதையும் செஞ்சுட்டு சமாதானம் வேறயா? எழுந்திரு. என்னோட வா. வழியிலேயே அவரை நிறுத்தி, பழையபடி மாத்திக் கொடு."

அவன் நகரலை. யாரோட சைக்கிள் செயினுக்கோ எண்ணெய் விட ஆரம்பிச்சுட்டான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த எண்ணெய் டப்பாவைப் பிடுங்கி அவன் தலையிலேயே கவுத்திருப்பேன்.

வாசல்ல மணிச் சத்தம். அவரேதான். சைக்கிளோட. முகமெல்லாம் பல்லு.

"மாஸ்டர்! கையைக் கொடுங்க!" அப்புறம்தான் என்னைப் பார்த்தாரு. "நீ எங்க இங்க?" பதிலுக்குக் காத்திருந்தாத்தானே! "போலீஸ் பிடிச்சுட்டாங்க மாஸ்டர். உருளை மேல ஏத்தி, முழுசா முறுக்கினாங்க. எவ்வளவு வந்துச்சு தெரியுமா? இருபத்தஞ்சு! மோட்டார்ல எழுதியிருக்கறதையும் படிச்சாங்க. இருநூத்தம்பது வாட். 'எல்லாம் சரியா இருக்கு, கிளம்புங்க'ன்னுட்டாங்க. அவங்க மெஷினுக்கே தண்ணி காட்டிட்டீங்களே! பலே ஆளு நீங்க!"

"சும்மாவா சார்," சொன்னான் மெக்கானிக், தலையைக் குனிஞ்சுகிட்டே.

இவர் டயருக்குக் காத்தடிக்க வாசலுக்குப் போனாரு. நான் மெக்கானிக்கைப் பிடிச்சுக்கிட்டேன்.

"எப்படிப்பா இது?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "மோட்டரை நான் தொடவே இல்லக்கா. முன்சக்கரத்துல இருக்கற மீட்டர் தனி. சக்கரம் எவ்வளவு பெருசுன்னு அதுக்கு நாமதான் சொல்லணும். ஒண்ணரை மடங்கு பெருசாச் சொல்லி வெச்சேன்."

"அப்ப அந்த முப்பத்தெட்டு?"

"அதே பழைய இருபத்தஞ்சுதான். மீட்டர்ல பெரிய நம்பரைப் பார்த்தா, திருப்பத்துல அவரே பயந்து மெதுவாப் போவாரு."

"அடப்பாவி! முடியாதுன்னு அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமே?"

"போன வருஷம் ஒருத்தருக்கு அப்படித்தான் சொன்னேன். வேற கடையில போய் லிமிட்டை எடுத்துக்கிட்டாரு. மூணு மாசம் ஆஸ்பத்திரியில கிடந்தாரு. அதுலேர்ந்து யார் வந்து கேட்டாலும் சரின்னுடுவேன்."

"சரி, ஒரு நாள் பூரா வண்டியை இங்க வெச்சிருந்தியே. அப்ப என்னதான் பண்ணின?"

"பிரேக்கை மாத்தினேன்க்கா. சுத்தமாத் தேஞ்சு கிடந்துச்சு."

இவனையா அந்தப் பேச்சு பேசினேன்!

வாசல்ல இவர் சைக்கிள்ல ஏறியாச்சு. "இன்னும் ரெண்டு வீட்டு மெஷின் பாக்கி இருக்கு. பறந்து போய்ட்டு வந்துடறேன்!"

நான் ஓடிப் போய் ஹேண்டில்பாரைப் பிடிச்சேன்.

"ஏங்க, நாப்பதை மட்டும் தாண்டாதீங்க. எனக்குப் பயமா இருக்கு."